விதிவிலக்கான தாய்: இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்காவில் பணிபுரிந்த தாய்மாரும் கிறித்தவக் குடும்பக் கோட்பாடும்

இரண்டாம் உலகப்போர் அமெரிக்கப் பெண்ணை வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது என்பதும், போர் முடிந்தபின் அவள் மீண்டும் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள் என்பதும் பலரும் எடுத்துரைக்கும் செய்திகளாகும். இவ்விரண்டும் பெரும்பாலும் உண்மையே. ஆயினும் இவற்றைப் பொருளியல் வரலாறாக மட்டும் படிக்கும்போது ஒரு வினா எழாமற் போகின்றது. மனைவியின் இடம் இல்லம், கணவனே அதன் தலைவன் என்னும் கொள்கையைத் தம் மறையுரைகளில் இடைவிடாது வலியுறுத்தி வந்த அமெரிக்கத் திருச்சபைகள், கைக்குழந்தைகளை விட்டுவிட்டு இலட்சக்கணக்கான தாய்மார் கப்பல் கட்டும் தளங்களுக்குச் சென்றபோது அக்கொள்கையை எவ்வாறு காத்துக்கொண்டன என்பதே அவ்வினா. கொள்கை கைவிடப்படவில்லை, திருத்தப்படவும் இல்லை. தாயின் பணி ‘விதிவிலக்கு’ என்று பெயர் சூட்டப்பட்டது. விதிவிலக்கு என்ற அச்சொல் விதியைத் தளர்த்துவதற்கு மாறாக இறுக்கியது என்பதையே 1941 முதல் 1949 வரையிலான சான்றுகள் காட்டுகின்றன.

போருக்கு முந்தைய நிலை

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடல், பெண் இயல்பாகவே இல்லப் பணிக்கு உரியவள் என்று கூறியது. பதினோராம் பத்திநாதர் 1930 டிசம்பர் 31இல் வெளியிட்ட ‘காஸ்தி கொன்னூபி’ பெண் விடுதலை என்ற பெயரில் மனைவி இல்லக் கடமையினின்று விலகுவதைக் கண்டித்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘குவாத்ரஜேசிமோ அன்னோ’ இன்னும் கூர்மையானது. தந்தையின் கூலி போதாமையால் தாய் வெளியே சென்று உழைக்கும்படி நேர்வது பெருங்கேடு என்றும், குடும்பத்தைத் தாங்கும் அளவுக்குத் தந்தைக்கு ஊதியம் தரப்படவேண்டும் என்றும் அது வற்புறுத்தியது. ‘குடும்ப ஊதியம்’ எனப்படும் இக்கோட்பாட்டை அமெரிக்காவில் ஜான் ரயன் என்னும் குரு 1906ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதிப் பரப்பியிருந்தார். தொழிலாளிக்கு ஆதரவான கோட்பாடாகவும் தொழிலாளியின் மனைவியை வீட்டுக்குள் நிறுத்தும் கோட்பாடாகவும் அது ஒருசேர விளங்கியமை கருதத்தக்கது.

சீர்திருத்தத் திருச்சபைகளுக்கு இத்தகைய ஒற்றைப் போதனை அதிகாரம் இல்லை. எனவே அவற்றின் குரல் பலவாகப் பிரிந்து ஒலித்தது. அவற்றுள் கடுங்கோட்பாட்டுப் பிரிவினரின் மனநிலையை அறிய ஜான் ஆர். ரைஸ் என்னும் பாப்திஸ்து போதகர் 1941இல் வெளியிட்ட நூலின் தலைப்பே போதும்: ‘குட்டை முடியும் அதட்டும் மனைவியரும் பெண் போதகர்களும்’. மூன்றையும் ஒரே குற்றப்பட்டியலில் அவர் சேர்த்திருந்தார்.

இதனைத் திருச்சபையின் பழமைப்பற்று என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. பெரும் பொருளாதார மந்தத்தின்போது நாட்டுச் சட்டமும் இதே திசையில் நின்றது. 1932ஆம் ஆண்டின் சிக்கனச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, கணவனும் மனைவியும் நடுவணரசுப் பணியில் இருந்தால் ஆட்குறைப்பில் அவர்களுள் ஒருவரை முதலில் நீக்கலாம் என்றது. நீங்கியோர் பெரும்பாலும் மனைவியரே. அப்பிரிவு 1937இல் நீக்கப்பட்டது. 1936இல் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், கணவனுக்கு வேலை இருக்கும்போது மனைவி பணிபுரியலாகாது என்றோர் 82 விழுக்காட்டினர்.

அழைப்பும் எச்சரிக்கையும்

1940இல் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சமாக இருந்த பெண் தொழிலாளர் எண்ணிக்கை, போரின் உச்சத்தில் 1 கோடியே 80 இலட்சத்தைக் கடந்தது. புதிதாக வந்தோருள் பெரும்பாலோர் மணமானவர்கள். 1944இல், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக, பணிபுரிந்த பெண்களுள் மணமாகாதோரைவிட மணமானோர் மிகுந்தனர்.

இவர்களை அழைத்த அரசே இவர்களை எச்சரிக்கவும் செய்தது. பால் மக்நட் தலைமையில் 1942 ஏப்ரலில் அமைந்த போர்க்கால மனிதவள ஆணையம் அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியிட்ட கொள்கை அறிக்கை, சிறு குழந்தைகளையுடைய பெண்களின் முதற்கடமை, போரிலும் அமைதியிலும், தம் இல்லத்தில் குழந்தைகளைப் பேணுவதே என்று கூறியது. ஆள் பற்றாக்குறையால் அல்லற்பட்ட ஓர் அரசுத்துறையின் கூற்று இது. ‘ரேரும் நோவாரும்’ எழுதிய கரமே இதனையும் எழுதியதோ என எண்ணத் தோன்றும். 1943இல் விவாதிக்கப்பட்ட ஆஸ்டின் - வாட்ஸ்வொர்த் மசோதா பதினெட்டு முதல் ஐம்பது வயது வரையிலான பெண்களையும் கட்டாயப் பணிக்கு அழைக்க முனைந்தது. ஆனால் பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை உடைய தாய்மாருக்கு விலக்கு அளித்தது. அம்மசோதா நிறைவேறவில்லை.

கத்தோலிக்க ஆயர்கள் 1942 நவம்பர் 14இல் ‘வெற்றியும் சமாதானமும்’ என்னும் கூட்டறிக்கையை வெளியிட்டனர். போர் முயற்சியை முழுமனதோடு ஆதரித்த அவ்வறிக்கை, பெண்கள், குறிப்பாகத் தாய்மார், பெருமளவில் தொழிலில் ஈடுபடுத்தப்படுவது குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்தது; போரின் உண்மையான தேவைக்கு மேல் அது செல்லலாகாது என்றது. அரசின் மொழியும் ஆயர்களின் மொழியும் சந்திக்கும் இடம் ‘தேவை’ என்ற சொல்லே. தாயின் உழைப்புக்கு அவளது விருப்பமோ திறனோ உரிமையோ காரணமாகக் கூறப்படவில்லை. நாட்டின் நெருக்கடியே காரணம் எனப்பட்டது. நெருக்கடி நீங்கும் நாளில் காரணமும் நீங்கும் என்பது அதன் உட்பொருள்.

அரசு மற்றொரு வழியிலும் இக்கோட்பாட்டைத் தாங்கியது. 1942 ஜூன் மாதச் சட்டப்படி சாதாரணப் படைவீரனின் மனைவிக்கு மாதம் 50 டாலர் வழங்கப்பட்டது. இதில் 22 டாலர் அவனது ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்டது, 28 டாலரை அரசு சேர்த்தது. முதற் குழந்தைக்கு மேலும் 12 டாலர். ஏட்டளவில் இது திருத்தந்தையர் வேண்டிய குடும்ப ஊதியமே. ஆனால் வாடகையும் விலைவாசியும் ஏறிய போர்த்தொழில் நகரங்களில் 62 டாலரைக் கொண்டு ஒரு குழந்தையுடன் வாழ்வது கடினம். வீட்டில் இருக்கும்படி அறிவுறுத்தப்பட்ட பல தாய்மார் தொழிற்சாலை வாயிலுக்கு வந்தமைக்கு நாட்டுப்பற்றோடு இக்கணக்கும் ஒரு காரணமாகும்.

ஓவியத்தில் இல்லாத குழந்தை

நார்மன் ராக்வெல் வரைந்து 1943 மே 29ஆம் நாள் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழின் அட்டையில் வெளிவந்த ‘ரோசி’ ஓவியம் இங்கு ஆராயத்தக்கது. தசை திரண்ட கைகள், மடியில் ரிவெட் அடிக்கும் கருவி, கையில் ரொட்டி, காலடியில் இட்லரின் நூல். அவள் அமர்ந்திருக்கும் தோரணை மைக்கேல் ஆஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் தீட்டிய எசாயா இறைவாக்கினரின் தோரணையாகும். தலைக்கு மேல் மெல்லிய ஒளிவட்டமும் உண்டு. கிறித்தவ ஓவிய மரபின் மொழியிலேயே உழைக்கும் பெண்ணைப் புனிதப்படுத்திய படம் இது. எனினும் அப்படத்தில் குழந்தை இல்லை. அதற்கு முன் புகழ்பெற்ற ‘ரோசி’ பாடலிலும் நாயகிக்குக் காதலன் மட்டுமே உண்டு. அதே ஓவியர், அதே இதழில், அதே ஆண்டு மார்ச் மாதம் வரைந்த ‘வறுமையிலிருந்து விடுதலை’ ஓவியத்தில்தான் குடும்பம் வருகின்றது; அங்கே நடுநாயகமாக நிற்பவள் மேலாடைத் துணி கட்டி, வான்கோழி உணவைப் பரிமாறும் மூதாட்டி. ஒளிவட்டம் பெற்றவளுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளைகளால் சூழப்பட்டவள் சமையற் கட்டிலிருந்து வருகிறாள். இரண்டையும் ஒரே உடலில் காட்டும் படத்தைப் போர்க்காலப் பரப்புரை அரிதாகவே வரைந்தது.

தாய் தொழிற்சாலைக்கு வருவதைப் போற்றிய ஒரு தருணம் உண்டு. ஐயோவா மாநிலத்து வாட்டர்லூ நகரின் கத்தோலிக்கரான அலெட்டா சல்லிவனின் ஐந்து மைந்தரும் பணியாற்றிய ‘ஜூனோ’ கப்பல் 1942 நவம்பர் 13இல் மூழ்கடிக்கப்பட்டது, ஐவரும் மாண்டனர். அதன்பின் அவரும் கணவரும் போர்த்தொழிற்சாலைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, உற்பத்தியைப் பெருக்குமாறு தொழிலாளரிடம் பேசினர். இயந்திரத்தின் முன் நின்று உழைத்த தாயைக் காட்டிலும், பிள்ளைகளைக் கொடுத்த தாய் அத்தொழிற்சாலைத் தளத்தில் பெரிதாக மதிக்கப்பட்டாள். சிலுவையடியில் நிற்கும் மரியாவின் சாயல் அவர்மீது படிந்ததை அக்காலக் கத்தோலிக்கர் உணராதிருந்திருக்க முடியாது.

காப்பகங்கள்

குழந்தைகள் காப்பக வரலாறே இவ்விதிவிலக்கின் தன்மையை மிகத் தெளிவாகக் காட்டுவது. 1940 அக்டோபரில் நிறைவேறிய லான்ஹம் சட்டம் குழந்தைகளுக்காக இயற்றப்பட்டதன்று. பாதுகாப்புத் தொழிலாளருக்கு வீடு கட்டுவதே அதன் நோக்கம்; 1941இல் சாலை, கழிவுநீர், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. 1942இல் அச்சட்டத்தின் நிதி காப்பகங்களுக்குத் திருப்பப்பட்டது. தாய்மாரின் பணிக்கெனத் தனிச்சட்டம் இயற்றினால் அப்பணியை நாடு ஏற்றுக்கொண்டதாகிவிடும். கழிவுநீர்க் குழாயோடு சேர்த்து வழங்கினால் அச்சிக்கல் எழாது. 1944 ஜூலையில் இத்தகைய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட காப்பகங்களில் சற்றேறக்குறைய 1,29,000 குழந்தைகள் இருந்தனர். போர்க்காலம் முழுவதிலுமாக ஐந்தரை இலட்சம் முதல் ஆறு இலட்சம் குழந்தைகள் வரை இவற்றில் தங்கிச் சென்றனர் என மதிப்பிடப்படுகின்றது. நாளொன்றுக்குப் பெற்றோர் செலுத்திய கட்டணம் 50 சென்ட்.

தேவையோடு ஒப்பிட இது மிகச் சிறிது. ஆயினும் இருந்த இடங்களும் பல ஊர்களில் முழுமையாக நிரம்பவில்லை. மந்தக் காலத்தில் அரசு நடத்திய காப்பகங்கள் வறியோருக்கானவை. அந்த நினைவு தாய்மாரின் மனத்தில் இருந்தது. பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ பிள்ளையை விடுவது குடும்ப ஏற்பாடு, காப்பகத்தில் விடுவது பிள்ளையைக் கைவிடுவது என்ற எண்ணமும் இருந்தது. இந்த எண்ணத்தை ஊட்டியதில் மறையுரை மேடைக்கும் பங்குண்டு. இதற்கிடையே பல ஊர்களில் காப்பகம் நடந்த இடம் தேவாலயத்தின் நிலவறைக் கூடமே என்பது விந்தையான முரண். மேலே ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கப்பட்டது கீழே திங்கட்கிழமை நடைபெற்றது. இதனைப் பாசாங்கு என்று எள்ளுவது எளிது. கொள்கையால் ஏற்க இயலாததை இரக்கத்தால் ஏற்ற நிலை என்று கொள்வதே பொருத்தமாகும். கத்தோலிக்கக் கன்னியர் ஏழைத் தாய்மாருக்காகப் பகற்காப்பகங்களை நெடுங்காலமாகவே நடத்திவந்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

இவற்றுக்கு மாறானதொரு முயற்சி ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் நிகழ்ந்தது. கைசர் நிறுவனத்தின் இரு கப்பல் கட்டும் தளங்களின் வாயிலிலேயே 1943 நவம்பரில் இரு காப்பகங்கள் திறக்கப்பட்டன. எலினார் ரூஸ்வெல்ட் இதற்குத் தூண்டுகோலாக இருந்தார். லோயிஸ் மீக் ஸ்டோல்ஸ் ஆலோசகராகவும் ஜேம்ஸ் ஹைம்ஸ் மேலாளராகவும் பணியாற்றினர். ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஏற்கத்தக்கதாக, இரவுப் பணியிலிருந்த தாய்மாருக்கும் பயன்படுமாறு, நாளின் எல்லா நேரமும் இயங்கும் வகையில் அமைந்தது. நோயுற்ற குழந்தைக்குத் தனி அறை இருந்தது. வேலை முடிந்து களைத்து வரும் தாய், முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால், குழந்தையோடு சமைத்த இரவுணவையும் விலைக்கு வாங்கிச் செல்லலாம். பிந்தைய ஏற்பாடு சிறிதாகத் தோன்றினும் கோட்பாட்டளவில் துணிவானது. குழந்தைப் பராமரிப்பை ஒருவாறு பொறுத்துக்கொண்டோரும், தாய் சமைக்காத உணவு குடும்ப மேசைக்கு வருவதை எளிதில் ஏற்கவில்லை. அம்மேசையில்தான் உணவுக்கு முன்னான செபம் சொல்லப்பட்டது. 1945 செப்டம்பரில் இரு காப்பகங்களும் மூடப்பட்டன.

தந்தையின் பிரிவும் தாயின் பிரிவும்

1943இல் இளஞ்சிறார் குற்றங்கள் குறித்த அச்சம் நாடெங்கும் பரவியது. செனட்டர் கிளாட் பெப்பரின் துணைக்குழு அவ்வாண்டின் இறுதியில் விசாரணை நடத்தியது. எஃப்.பி.ஐ. இயக்குநர் எட்கர் ஹூவர் 1944 ஜனவரியில் ஒரு மகளிர் இதழில் எழுதிய கட்டுரையில், தாய்மாரே ஒரே நம்பிக்கை என்றும், தாயின் போர்ப்பணி இல்லத்திலேயே உள்ளது என்றும் வாதிட்டார். காவல்துறைத் தலைவரின் குரலும் போதகரின் குரலும் வேறுபாடின்றி ஒலித்த காலம் அது.

இவ்விவாதம் முழுவதிலும் ஒரு மௌனம் உண்டு. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு முன்பே தந்தையாகிவிட்டவர்களைப் படைக்கு அழைப்பது 1943 அக்டோபர் வரை தள்ளிவைக்கப்பட்டிருந்தது. பின்னர் அவர்களும் அழைக்கப்பட்டனர். அதனைத் தடுக்க செனட்டர் வீலர் முயன்று தோற்றார். கிறித்தவக் குடும்பத்தின் தலைவன் என்று எபேசியர் மடலைக் காட்டிப் போற்றப்பட்டவன் பிள்ளைகளைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் கடல் கடந்து வாழ்ந்தான். அது தியாகம் எனப்பட்டது. தாய் எட்டு மணி நேரம் பிரிந்திருந்தாள். அது கைவிடுதல் எனப்பட்டது. பிள்ளை கெட்டுப்போனால் எந்தப் பிரிவால் கெட்டது என்று அளந்து பார்க்க முனைந்தோர் மிகச் சிலரே.

விதிவிலக்கே வாழ்வானவர்கள்

‘தாய் இப்போதுதான் வேலைக்கு வந்தாள்’ என்னும் கூற்று வெள்ளையர் நடுத்தரக் குடும்பத்தை மனத்தில் கொண்டது. கறுப்பினத் தாய்மார் அடிமை முறைக் காலத்திலிருந்தே பிறர் வீட்டில் உழைத்தவர்கள். 1940இல் பணிபுரிந்த கறுப்பினப் பெண்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வீட்டு வேலைக்காரிகள். 1944இல் இது 45 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. அவர்களுக்குப் போர் தந்தது வேலையன்று, வேறு வேலை. வெள்ளைத் தாய் இல்லத்தில் இருக்கவேண்டும் என்ற கொள்கை நடைமுறையில் நிற்பதற்கே கறுப்பினத் தாய் தன் இல்லத்தில் இல்லாதிருக்க வேண்டியிருந்தது. அவளது பிள்ளையைக் குறித்து எந்த ஆணையமும் கவலை அறிக்கை வெளியிட்டதில்லை.

கறுப்பினத் திருச்சபைகளின் பார்வை இதனால் வேறுபட்டது. பாப்திஸ்து மகளிர் தலைவியான நானி ஹெலன் பரோஸ் 1909இல் வாஷிங்டனில் நிறுவிய பெண்கள் பயிற்சிப் பள்ளி, விவிலியம், நீராட்டு, துடைப்பம் ஆகிய மூன்றையும் தன் நெறியாகக் கொண்டது. உழைப்பைப் பெண்மைக்கு இழுக்கெனக் கருதாது, மதிப்போடும் தகுதியான கூலியோடும் செய்யத்தக்க அறமாக அது கற்பித்தது. இது மரபான ஒழுக்கவியலே. ஆனால் உழைக்கும் தாயை விதிவிலக்காக்காத ஒழுக்கவியல்.

ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு

தாய் வீட்டில் இருக்கவேண்டும் என்போர் பெரிதும் எடுத்துக்காட்டியது தீத்து மடலின் இரண்டாம் அதிகாரம், ஐந்தாம் வசனம். அங்குள்ள கிரேக்கச் சொல்லுக்கு இரு பாடங்கள் உண்டு. தொன்மையான சுவடிகள் தரும் ‘ஒய்க்கூர்கூஸ்’ என்பது வீட்டில் வேலை செய்வோரைக் குறிக்கும். பிற்காலச் சுவடிகளின் ‘ஒய்க்கூரூஸ்’ வீட்டைக் காத்திருப்போரைக் குறிக்கும். வேறுபாடு ஓரெழுத்தே. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு பிந்தைய பாடத்தைத் தழுவியது. ஹென்றி பவர் தலைமையில் 19ஆம் நூற்றாண்டில் உருவாகித் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் வழங்கும் மொழிபெயர்ப்பும் வீட்டில் தங்கியிருத்தல் என்ற பொருளையே தருகின்றது. 1901இல் வெளிவந்த அமெரிக்கத் திருத்தப் பதிப்பு முந்தைய பாடத்தை ஏற்று ‘வேலை’ என்ற கருத்தை மீட்டது. ஆனால் 1946 பிப்ரவரியில் வெளிவந்த புதிய திருத்தப் பதிப்பின் புதிய ஏற்பாடு ‘இல்லம் சார்ந்தவர்’ எனப் பொதுவான ஒரு சொல்லை இட்டது, வேலை மறைந்தது. இம்மொழிபெயர்ப்பைப் போரின் விளைவு எனக் கூறச் சான்றில்லை. ஆனால் அதனை முதலில் கையிலெடுத்த தலைமுறை, அதே மாத இறுதியில் லான்ஹம் நிதி நிறுத்தப்பட்டதைக் கண்ட தலைமுறையாகும்.

நீதிமொழிகளின் இறுதி அதிகாரம் இதற்கு நேர்மாறானது. அங்குப் போற்றப்படும் மனைவி நிலத்தை ஆராய்ந்து வாங்குகிறாள். தன் வருவாயில் திராட்சைத் தோட்டம் அமைக்கிறாள். நெய்து வணிகருக்கு விற்கிறாள். அவளுடைய பிள்ளைகள் எழுந்து அவளை வாழ்த்துகின்றனர். இவ்வதிகாரம் அன்னையர் நாள் மறையுரைக்கு உகந்தது. எனினும் அதிலுள்ள வணிகம் பெரும்பாலும் இல்லற நற்பண்பின் உருவகமாகவே விளக்கப்பட்டு வந்துள்ளது. நேர்ப்பொருள் வாசிப்பை வலியுறுத்தும் குழுவினரும் இங்கு உருவகத்தை நாடுவர்.

போருக்குப் பின்

நடுவணரசின் மகளிர் பணியகம் 1944 - 45இல் பத்துப் போர்த்தொழில் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான பெண்களை வினவியது. ஏறத்தாழ நான்கில் மூவர் போருக்குப் பின்னும் வேலையைத் தொடர விரும்பினர். மணமானோரிலும் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாறே கூறினர். விதிவிலக்கு என்று பிறர் சொன்னதைத் தம் வாழ்வின் விதியாகக் கருதத் தொடங்கியிருந்தனர் என்பதே இதன் பொருள்.

திருச்சபை எதிர்த் திசையில் விரைந்தது. பன்னிரண்டாம் பத்திநாதர் 1945 அக்டோபர் 21இல் இத்தாலியப் பெண்களுக்கு ஆற்றிய உரையில், பெண்கள் பொதுவாழ்வில் ஈடுபடுவது கடமை என ஒருபுறம் ஊக்கினார். மறுபுறம் தாய் நீங்கிய இல்லத்தின் வெறுமையை வருணித்தார். அமெரிக்காவில் பேட்ரிக் பெய்ட்டன் என்னும் குரு 1942இல் தொடங்கிய குடும்பச் செபமாலை இயக்கம், 1945ஆம் ஆண்டின் அன்னையர் நாளான மே 13 அன்று வானொலியில் ஒலித்தது. செபமாலையைச் சொன்னவர்கள் சல்லிவன் குடும்பத்தினர். சேர்ந்து செபிக்கும் குடும்பம் சேர்ந்து வாழும் என்ற அவ்வியக்கத்தின் முழக்கம் 1950களில் இந்தியாவுக்கும் வந்து தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களில் பழகிய தொடராயிற்று. அது போர்க்காலப் பிரிவின் துயரத்தில் பிறந்த இயக்கத்தினது என்பது இங்கு அதிகம் நினைக்கப்படுவதில்லை. 1949இல் அமெரிக்க ஆயர்கள் ‘கிறித்தவக் குடும்பம்’ என்றே தலைப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதே ஆண்டு சிகாகோவில் கிறித்தவக் குடும்ப இயக்கம் உருப்பெற்றது. குடும்பம் இவ்வளவு விரிவாகப் பேசப்பட்டதே அதன் பழைய வடிவம் உறுதியிழந்ததைக் காட்டும்.

எண்கள் வேறு கதை சொல்கின்றன. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உடைய தாய்மாருள் பணிபுரிந்தோர் 1940இல் சுமார் 9 விழுக்காடு, 1950இல் ஏறத்தாழ 22, 1960இல் 30. இவர்களுள் பலர் கோயிலுக்குத் தவறாது சென்றவர்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக, வீட்டுக் கடனுக்காக என்று குடும்பத்தின் பெயராலேயே தம் வேலைக்குக் காரணம் கூறினர். திருச்சபை கற்றுத்தந்த ‘தேவை’ என்ற சொல்லைத் திருச்சபைக்கே விடையாக அளித்தனர் எனலாம். தன் விருப்பத்துக்காக உழைக்கிறேன் என்று ஒரு தாய் பங்குக் குருவிடம் கூறுவது அப்போதும் அரிதாகவே இருந்தது.

1946 பிப்ரவரி இறுதியில் நடுவணரசின் நிதி நின்றதும் பெரும்பாலான காப்பகங்கள் மூடப்பட்டன. தாய்மாரின் இடையறாத வற்புறுத்தலால் கலிபோர்னியா மட்டும் தன் மாநில நிதியில் அவற்றைப் பெருமளவில் தொடர்ந்தது. அங்கும் அது தற்காலிக ஏற்பாடு என்றே சட்டத்தில் எழுதப்பட்டது. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் அத்தற்காலிகம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, 1957இல்தான் நிலையானதாக்கப்பட்டது.